வேனில் நாய், வேனுக்குப் பின்னால் சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

நாயோடு கேம்பர்வேனில் (படுக்கையும் அடுப்பும் உள்ள பயண வேன்) விடுமுறை போவது, வழியில் நடப்பது, சைக்கிள் ஓட்டுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள்.

கேள்வி: எங்கள் நாய் 18 கிலோ. ஓடும் வேனில் தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்தால் போதுமா? ரொம்ப அமைதியான நாய்.

பதில்: அமைதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி நின்றால், கட்டாத நாய் அதே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருக்கும். அரை மீட்டர் தூரத்துக்குள் அதை நிறுத்த, அதன் எடையைப்போல் சுமார் 20 மடங்கு விசை வேண்டும். உங்கள் நாய்க்கு அது 350 கிலோவுக்கு மேல். முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முதுகில்தான் அது வந்து விழும்.

மார்பை அகலமாகப் பிடிக்கிற, மோதல் சோதனை செய்த ஹார்னஸை மாட்டி, அதைக் குட்டையான பட்டையால் சீட் பெல்ட்டோடு இணைக்கலாம். கழுத்துப்பட்டையில் மட்டும் மாட்டாதீர்கள். இல்லையென்றால் கூண்டு. நாய் எழுந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். தாராளமாக இருக்கட்டும் என்று பெரிதாக வாங்கினால், மோதலில் நாய் கூண்டுக்குள்ளேயே தூக்கி அடிக்கப்படும். கூண்டைத் தரையில் உள்ள கொக்கிகளோடு நீளாத பட்டையால் இறுக்குங்கள். ரப்பர் கயிறு இழுத்தால் நீண்டுவிடும். சமையல் அலமாரியின் காலில் கட்டுவதும் வீண். அதைப் பிடித்திருப்பவை சின்ன மரத் திருகுகள்தான்.

நிறுத்தத்தில் முதலில் கயிறு, பிறகுதான் கதவு. இந்த வரிசையை நாய்க்குப் பழக்குவது சுலபம். குழந்தைகளுக்கும் விருந்தாளிகளுக்கும் பழக்குவதுதான் சிரமம்.

கேள்வி: வண்டி கிளம்பி அரை மணியில் வாந்தி எடுக்கிறது. என்ன செய்வது?

பதில்: வாந்திக்கு முன்பே கொட்டாவி, உதடு நக்குதல், எச்சில் ஒழுகுதல் வரும். அப்போதே நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க விடுங்கள். புறப்படுவதற்கு 3–4 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம். அப்படியும் நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் மாரோபிட்டன்ட் மாத்திரை பற்றிக் கேளுங்கள். மனிதர்களுக்கான பயண மாத்திரையை நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: வேனை நிழலில் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, கூரை ஃபேனை ஓடவிட்டு, இரண்டு மணி நேரம் சைக்கிளில் போய் வரலாமா? நாய் உள்ளே தூங்கும்.

பதில்: வெயில் காலத்தில் கூடாது. வந்த கடிதங்களில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

வெளியே 24 டிகிரி செல்சியஸ் இருந்தால், வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் 34 டிகிரியும் அரை மணியில் 43 டிகிரியும் ஆகிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வருவதில்லை. சுவருக்குள் தெர்மோகோல் போன்ற காப்பு உள்ள கேம்பர்வேன் மெதுவாகச் சூடாகும் என்பது சரிதான். ஆனால் அதன் முன்கண்ணாடி பெரியது. அதே காப்பு உள்ளே வந்த சூட்டை எளிதில் வெளியேயும் விடாது.

நிழலை நம்பவும் முடியாது. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. இரண்டு மணி நேரத்தில் மரத்தடி நிழல் அடுத்த வண்டிக்குப் போயிருக்கும். ஃபேன் வெளிக்காற்றைத்தான் உள்ளே கொண்டுவரும். அந்தக் காற்றைவிடக் குளிராக்க அதனால் முடியாது. நாய் தன் உடலைக் குளிர்விப்பது பெரும்பாலும் மூச்சு வாங்கித்தான். சின்ன அறையில் அந்த ஈரமே காற்றில் சேரச் சேர, மூச்சு வாங்குவதும் பலன் தராமல் போகும்.

ஏ.சி.? 1,000 வாட் ஏ.சி. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 90 ஆம்பியர் வரை இழுக்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். முகாமில் மின் இணைப்பு எடுத்திருந்தாலும், பக்கத்து வண்டிக்காரர் கெட்டிலைப் போட்டு ஃபியூஸ் போய்விட்டால் உங்கள் ஏ.சி.யும் நின்றுவிடும். செல்போனுக்குத் தகவல் அனுப்பும் வெப்பமானி நல்ல கருவிதான். ஆனால் சிக்னல் வேண்டும். சிக்னல் இருந்தாலும், 15 கி.மீ. தள்ளி இருக்கும் நீங்கள் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகும்.

ஆகவே, நாயைத் தனியே விடாதபடிதான் நாளைத் திட்டமிட வேண்டும். காலையில் ஒருவர் சைக்கிளில் போக, மற்றவர் நாயோடு இருக்கலாம்; மாலையில் மாற்றிக்கொள்ளலாம். அல்லது சைக்கிளுக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ட்ரெய்லரில் நாயையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இதையும் மீறிச் சூடு தாக்கிவிட்டால்: நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. இடைவிடாத மூச்சு வாங்கல், பிசுபிசுப்பான எச்சில், ஈறு செக்கச் சிவப்பது, தள்ளாட்டம் ஆகியவை அறிகுறிகள். நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். ஈரத் துண்டால் போர்த்தி வைக்காதீர்கள். துண்டு சீக்கிரமே சூடாகி, வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். குளிர்விக்கத் தொடங்கிய பிறகுதான் மருத்துவரிடம் ஓட வேண்டும். எழுந்து வாலாட்டினாலும் காட்டியே ஆக வேண்டும்; சிறுநீரகப் பாதிப்பு பின்னால்தான் தெரியவரும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் வேகமாக வரும்.

கேள்வி: சைக்கிளோடு நாயை ஓடவிடலாமா, ட்ரெய்லரா?

பதில்: எலும்பு வளர்ச்சி முடியாத நாயை ஓடவிடக் கூடாது. சிறிய இனங்களுக்கு ஒரு வயது, பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயது ஆகட்டும். வேகம் நாயின் சீரான குதிநடைக்கு ஏற்ப, மணிக்கு 10–15 கி.மீ. நாய் பாய்ச்சலில் ஓடத் தொடங்கிவிட்டால் நீங்கள் அதிக வேகத்தில் போகிறீர்கள் என்று பொருள். முதல் நாள் 10 நிமிடம் போதும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஓட்டம் வேண்டாம். கயிற்றை ஹேண்டில்பாரில் கட்டினால் ஒரு பூனை போதும், நீங்கள் தரையில் கிடப்பீர்கள். சீட்டுக்குக் கீழே அல்லது பின் ஆக்சிலில் பொருத்தும் ஸ்பிரிங் கம்பியை வாங்கி, வாகனங்கள் வராத பக்கமாகப் பொருத்துங்கள். தார்ச் சாலையில் புறங்கையை 7 வினாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாத சூட்டில் நாயும் ஓடக் கூடாது.

எங்கள் பரிந்துரை: மண் பாதையில் ஓட்டம், தார்ச் சாலையில் ட்ரெய்லர். ட்ரெய்லரில் கவனிக்க வேண்டியது எடை எங்கே அமர்கிறது என்பதுதான். நாயின் எடை ட்ரெய்லர் சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் இணைப்புக் கொக்கி மேலே தூக்கும், சைக்கிளின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும், இறக்கத்தில் ட்ரெய்லர் இருபுறமும் ஆடும். துணித் தரை தொட்டிலாகத் தொங்கினால் பல நாய்கள் உட்காரவே மறுக்கும். அளவுக்கு வெட்டிய மெல்லிய பிளைவுட் பலகையைப் போட்டு, மேலே வழுக்காத விரிப்பு போடுங்கள். உள்ளே ஹார்னஸில் குட்டைப் பட்டை மாட்டினால் வெளியே குதிக்காது.

பழக்கம் வீட்டிலேயே தொடங்கட்டும். சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து அசையாமல் நிற்கும் ட்ரெய்லரில் தின்பண்டம் கொடுத்துப் படுக்க வைப்பது முதல் படி. பிறகு கையால் தள்ளுவது, அதற்குப் பிறகு காலியான இடத்தில் ஓட்டுவது. ஒரு வாரமாவது ஆகும்.

கேள்வி: வேனின் பின்கதவில் இரண்டு மின்சார சைக்கிள்கள் மாட்டியதும் ஸ்டியரிங் லேசாகிவிட்டது. ஏன்?

பதில்: நெம்புகோல் கணக்கு. சைக்கிள் ஒன்று 25 கிலோ, தாங்கி 15 கிலோ, மொத்தம் 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடை பின் ஆக்சிலுக்கு 1.5 மீட்டர் பின்னால் தொங்குகிறது. இரு ஆக்சில்களுக்கு இடையே 3 மீட்டர். அப்போது முன் ஆக்சிலிலிருந்து 32 கிலோ குறைந்து, பின் ஆக்சிலில் 97 கிலோ கூடுகிறது. ஏற்றியது 65, பின் டயர் உணர்வது 97! பேட்டரிகளைக் கழற்றி உள்ளே வையுங்கள், ஒவ்வொன்றும் சுமார் 3 கிலோ குறையும். தண்ணீர்த் தொட்டி பின்பக்கம் இருந்தால் நிரப்பாமல் ஓட்டுங்கள். லிட்டருக்கு ஒரு கிலோ. முழுச் சாமானோடும் நாயோடும் எடைமேடையில் ஏற்றி, இரண்டு ஆக்சில்களையும் தனித்தனியே எடைபோட்டு, கதவோரத் தகட்டில் உள்ள வரம்போடு ஒப்பிடுங்கள். பின் டயர் காற்றழுத்தமும் அதற்கேற்ப இருக்கட்டும்.

கதவும் தாங்கியும் குறித்திருக்கும் எடை வரம்புகளில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. பட்டைகளைப் புறப்பட்ட 20–30 கி.மீ.க்குள் மறுபடி இறுக்குங்கள். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறைகின்றனவா என்று பாருங்கள். மறைந்தால் தனி விளக்குப் பலகை வேண்டும்.

கேள்வி: இரவில் நாய் தரையில் படுக்கிறது. கேஸ் அடுப்பு உள்ள வேனில் ஆபத்தா?

பதில்: சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும், அதை முதலில் சுவாசிப்பது நாய். அதற்காகவே தரையில் காற்றுத் துளைகள் வைத்திருப்பார்கள். நாயின் படுக்கை அவற்றை மூடுகிறதா என்று இன்றே பாருங்கள். அடுப்புத் திருகு நாயின் கால் படும் உயரத்தில் இருந்தால், சமைத்து முடித்ததும் சிலிண்டர் வால்வையே மூடிவிடுங்கள். கேஸ் எச்சரிக்கைக் கருவி தரையோரமாக இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு (அடுப்பு சரியாக எரியாதபோது வரும் நச்சு வாயு) கருவி வேறு. அதைப் படுக்கை உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: நடை முடிந்து வந்ததும் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: காதுக்குள், அக்குளில், தொடை இடுக்கில், விரல்களுக்கு நடுவே விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுங்கள். எண்ணெய் விடுவதும் நெருப்பு காட்டுவதும் வேண்டாம். அப்படிச் செய்தால் உண்ணி தன் வயிற்றில் உள்ளதைக் கக்கிவிடும். விரலிடுக்கில் ஏறும் புல்லின் முள்விதை தோலுக்குள் ஊர்ந்துகொண்டே போகும். நாய் ஒரே இடத்தை விடாமல் நக்கினால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பச்சைப் பாசி பெயின்ட் போல மிதக்கும் குளத்தில் குடிக்கவோ நீந்தவோ விடாதீர்கள். சில நீலப்பச்சைப் பாசிகளின் நஞ்சு சில மணி நேரத்தில் கொன்றுவிடும். கன்றோடு நிற்கும் மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாயின் மேல்தான். நாய் உங்களைவிட வேகமாக ஓடிவிடும்.