வெளிநாட்டுப் பயணத்துக்கு இசிம் (கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் சிம்) டேட்டா திட்டம் எடுக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? அன்லிமிடெட் திட்டம் எடுப்பது நல்லதா?

பெரும்பாலானோருக்கு அன்லிமிடெட் தேவையே இல்லை. டேட்டா தீர்ந்தால் அதே இசிம்மில் டாப்-அப் செய்ய முடிகிற, இத்தனை ஜிபி என்று அளவு சொல்லி விற்கும் திட்டம் போதும். ஜிபி விலையை ஒப்பிடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளில்தான் வித்தியாசமே இருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன் போனைச் சோதியுங்கள். டயல் பக்கத்தில் *#06# அழுத்தினால் போனின் அடையாள எண்களான ஐஎம்இஐ எண்களோடு, இசிம் சிப்பின் அடையாளமான ஈஐடி என்ற 32 இலக்க எண்ணும் வர வேண்டும். வந்தால் போனில் இசிம் வசதி இருக்கிறது. மாடல் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் முதல் இசிம் உண்டு என்றாலும், சீனாவில் விற்ற ஐபோன்களில் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. சில சாம்சங் மாடல்கள் ஒரு நாட்டில் இசிம்மோடும் இன்னொரு நாட்டில் இல்லாமலும் வந்திருக்கின்றன. அடுத்தது லாக், அதாவது ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி போனைப் பூட்டியிருப்பது. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் கேரியர் லாக் என்ற வரி இருக்கும். அதில் சிம் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் தவணையில் வாங்கிய போன் என்றால் இதைப் பார்க்காமல் இசிம் வாங்கவே கூடாது.

எவ்வளவு டேட்டா வேண்டும்? மேப் பார்த்து வழி போக மணிக்கு 5 முதல் 10 எம்பிதான் ஆகும். வாட்ஸ்அப் குரல் அழைப்புக்கு மணிக்கு ஏறக்குறைய 30 எம்பி. 160 கேபிபிஎஸ் தரத்தில் பாட்டு கேட்டால் மணிக்கு 72 எம்பி. வீடியோ அழைப்பு மணிக்கு 300 எம்பியில் தொடங்கி அரை ஜிபியைத் தாண்டவும் செய்யும். எச்டி வீடியோ மணிக்கு 2 முதல் 3 ஜிபி. மேப், சாட், கொஞ்சம் தேடல், நாலு போட்டோ அனுப்புவது என்றிருப்பவருக்கு ஒரு நாளைக்கு அரை ஜிபி தாராளம். பத்து நாளைக்கு 5 ஜிபி. ரீல்ஸ் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் டேட்டாவை உண்மையில் காலி செய்வது நாம் பார்ப்பது அல்ல, நமக்குத் தெரியாமல் போன் பின்னால் செய்வது. ஐபோனில் ஒரு நிமிட 4கே வீடியோ சுமார் 170 எம்பி. ஐந்து நிமிடம் எடுத்துவிட்டு போட்டோ பேக்கப்பை மொபைல் டேட்டாவில் திறந்து வைத்திருந்தால், அன்று இரவே முக்கால் ஜிபிக்கு மேல் போய்விடும். கிளம்புவதற்கு முன் பேக்கப், ஆப் அப்டேட் இரண்டையும் வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் ரோமிங்கின்போது எவற்றைத் தானாக இறக்கலாம் என்று தனி செட்டிங் இருக்கிறது. பயண இசிம்மைப் போன் பெரும்பாலும் ரோமிங்காகவே கணக்கிடும் என்பதால் அதில் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

இப்போது அன்லிமிடெட். பெரும்பாலான திட்டங்களில் தினமும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள். எந்த அளவில் குறைக்கிறார்கள், எவ்வளவுக்குக் குறைக்கிறார்கள் என்ற இரண்டும் தெரிய வேண்டும். 3 எம்பி போட்டோ ஒன்றை அனுப்ப 128 கேபிபிஎஸ் வேகத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும், 512 கேபிபிஎஸ்ஸில் முக்கால் நிமிடம், 1 எம்பிபிஎஸ்ஸில் அரை நிமிடத்துக்குள் முடியும். 1 எம்பிபிஎஸ் இருந்தால் மேப்பும் சாட்டும் தடையில்லாமல் ஓடும். 128 என்றால் அன்றைய டேட்டா முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் எங்குமே போடாத நிறுவனத்திடம் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் தேவைப்படுபவர்கள் அதற்கு அனுமதி உண்டா என்றும் பாருங்கள். அன்லிமிடெட் திட்டங்களில் அதற்குத் தனி வரம்பு வைப்பது சாதாரணம்.

தினத் திட்டங்களில் நாள் என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதும் முக்கியம். சிலர் இணைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் தருவார்கள். சிலர் யுடிசி என்ற உலகப் பொது நேரப்படி நள்ளிரவில் நாளை முடித்துவிடுவார்கள். யுடிசி நள்ளிரவு என்பது டோக்கியோவில் காலை 9 மணி. 7 மணிக்கு அங்கே இறங்கி இசிம்மை ஆன் செய்தால் இரண்டே மணி நேரத்தில் ஒரு நாள் கணக்கில் கழிந்துவிடும்.

செல்லுபடிக் காலம் எப்போது தொடங்குகிறது? இன்ஸ்டால் செய்த உடனே தொடங்கும் திட்டமும் உண்டு, முதன்முதலாக நெட்வொர்க்கில் இணையும்போது தொடங்குவதும் உண்டு. முதல் வகையை விமானம் ஏறும் நாளில் போடுங்கள், இரண்டாவதை இரண்டு நாள் முன்பே வீட்டு வைஃபையில் போட்டுவிடலாம். இரண்டாவதில் ஒரு சிக்கல்: பல நாடுகளுக்கான திட்டம் என்றால் உங்கள் சொந்த நாடோ, இடையில் விமானம் மாறும் நாடோ அதில் அடங்கியிருக்கலாம். அங்கேயே இணைந்து நாள் ஓடத் தொடங்கிவிடும். இன்ஸ்டால் செய்ததும் அந்த லைனை ஆஃப் செய்துவிட்டு, போய் இறங்கியபின் ஆன் செய்யுங்கள்.

பலர் கவனிக்காத விஷயம், உங்கள் இணையம் எந்த நாட்டு வழியாக வெளியே போகிறது என்பது. பயண இசிம் பெரும்பாலும் நீங்கள் போகும் நாட்டின் சிம் அல்ல. வேறொரு நாட்டு நிறுவனத்தின் சிம் அங்கே ரோமிங்கில் ஓடுகிறது. ஐரோப்பாவில் இருந்துகொண்டு ஹாங்காங் வழியாக இணையம் போனால் ஸ்பீட் டெஸ்ட் நன்றாகக் காட்டும், ஆனால் வீடியோ அழைப்பில் பேச்சு இழுக்கும். வங்கி ஆப் சந்தேகப்பட்டு உள்ளே விடாமலும் போகலாம். இதிலேயே ஒரு லாபமும் உண்டு: சீனாவில் முடக்கப்பட்டிருக்கும் பல தளங்கள் வெளிநாட்டு ரோமிங் டேட்டாவில் திறக்கும். அலுவலக மீட்டிங் இருக்கிறவர்கள் உள்ளூர் நிறுவனமே பயணிகளுக்குத் தரும் இசிம்மைப் பார்க்கலாம். வேகம் சீராக இருக்கும், பல நேரம் உள்ளூர் எண்ணும் கிடைக்கும். பாஸ்போர்ட் பதிவு கேட்பார்கள், அவ்வளவுதான்.

நாடுகளின் பட்டியலை முழுசாகப் படியுங்கள். ஐரோப்பா என்று தலைப்பு போட்டிருந்தாலும் ஸ்விட்சர்லாந்து, பிரிட்டன், துருக்கி, செர்பியா ஆகியவை சில திட்டங்களில் இருக்காது. துருக்கிக்குப் போகிறவர்கள் கிளம்புமுன்பே வாங்கி இன்ஸ்டால் செய்துவிடுங்கள், 2025 ஜூலையில் அங்கே பல பயண இசிம் தளங்களை முடக்கினார்கள். கப்பலிலும் விமானத்திலும் உள்ள நெட்வொர்க் சாதாரணத் திட்டங்களில் சேராது.

ஊர் சிம்மை அணைத்துவிடாதீர்கள், வங்கி ஓடிபி அதில்தான் வரும். அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் செய்யுங்கள். ஐபோனில் செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்கையும் ஆஃப் செய்ய வேண்டும், இல்லையென்றால் பயண இசிம் சிக்னல் இழக்கும்போது போன் தானாக ஊர் சிம்முக்குத் தாவும். ரோமிங் சேவை ஆன் ஆகியிருக்கிறதா, எஸ்எம்எஸ் பெறவும் அழைப்பு எடுக்கவும் கட்டணம் என்ன என்று நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் எண்ணை மாற்றச் சொல்லிக் கேட்டால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

இசிம்மை இன்ஸ்டால் செய்ய நிறுவனம் அனுப்பும் கியூஆர் கோடு பெரும்பாலும் ஒருமுறைதான் வேலை செய்யும். அதே போனின் திரையில் இருப்பதை அதே போனால் ஸ்கேன் செய்ய முடியாது என்பதால் இன்னொரு திரையோ அச்சிட்ட தாளோ தேவை. ஐஓஎஸ் 17.4 முதல் அந்தப் படத்தை அழுத்திப் பிடித்தாலே இசிம் சேர்க்கும் தேர்வு வரும்.

இறங்கியபின் இணையம் வரவில்லையா? முதலில் இசிம் லைனில் டேட்டா ரோமிங் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் சிக்கல் அதுதான். பிறகு மொபைல் டேட்டாவுக்கு அந்த லைன்தான் தேர்வாகியிருக்கிறதா, நிறுவனம் அனுப்பிய ஏபிஎன் (போன் இணையத்தோடு இணையப் பயன்படுத்தும் முகவரிப் பெயர்) எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் வரவில்லையென்றால் தானியங்கித் தேர்வை அணைத்து, திட்டத்தில் பெயர் சொல்லியிருக்கும் நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுங்கள். என்ன ஆனாலும் இசிம்மை அழித்துவிட்டு மறுபடி போடலாம் என்று இறங்காதீர்கள். நெட்வொர்க் ரீசெட் செய்யும்போது சில ஆண்ட்ராய்டு போன்கள் இசிம்மையும் அழிக்கவா என்று கேட்கும், அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். உதவிக்கு எழுதினால் ஐசிசிஐடி என்ற சிம்மின் வரிசை எண்ணையும் ஏபிஎன் பக்கத்தின் படத்தையும்தான் முதலில் கேட்பார்கள், ஏர்போர்ட் வைஃபையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.