லிப்பிட் பெராக்சிடேஷன் ஒரு மூலக்கூறில் தொடங்கி செல் சவ்வு முழுவதும் எப்படிப் பரவுகிறது?

லிப்பிட் பெராக்சிடேஷன் என்றால் கொழுப்புகள் ஆக்சிஜன் ஏறிக் கெட்டுப்போவது. ஒரு ஃப்ரீ ராடிக்கல் (ஜோடியில்லாத எலக்ட்ரான் இருப்பதால் எதனோடும் எளிதில் வினைபுரியும் துகள்) ஒரு மூலக்கூறைத்தானே கெடுக்க முடியும், சவ்வு முழுக்க எப்படிப் பரவும் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. முதல் ராடிக்கல் வேலையைத் தொடங்கிவைப்பதோடு சரி. அப்புறம் சவ்வின் கொழுப்புகளே ஒன்றையொன்று கெடுத்துக்கொள்கின்றன.

தொடங்கிவைப்பது பெரும்பாலும் ஹைட்ராக்ஸில் ராடிக்கல். அதன் ஆயுள் ஏறத்தாழ ஒரு நானோ நொடி. பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாது. ஆனால் பக்கத்திலேயே சவ்வு இருந்துவிட்டால் அதற்கு வசதியான ஒரு குறி கிடைக்கிறது. கொழுப்பு அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே உள்ள கார்பனில் ஹைட்ரஜன் தளர்வாகத்தான் ஒட்டியிருக்கும், எளிதில் பறித்துவிடலாம். இப்படிப்பட்ட கார்பன் ஒலியிக் என்ற கொழுப்பு அமிலத்தில் ஒன்றுகூடக் கிடையாது. லினோலெயிக்கில் 1, அராக்கிடோனிக்கில் 3, மீன் எண்ணெயில் உள்ள டிஹெச்ஏ என்ற கொழுப்பு அமிலத்தில் 5. இப்படிப்பட்ட கார்பன் மிகக் குறைவான தேங்காய் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காததற்கும், அது நிறைந்த மீன் எண்ணெய் சட்டென்று கெட்டுப்போவதற்கும் இதே கணக்குதான் முக்கியக் காரணம்.

ஹைட்ரஜன் பறிபோன கார்பனில் ஆக்சிஜன் உடனே வந்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைவிடக் கொழுப்பில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்பதால் சவ்வின் உள்ளே அதற்குப் பஞ்சமே இல்லை. இப்போது உருவாவது பெராக்ஸில் ராடிக்கல். கவனிக்க வேண்டியது இதைத்தான்: இதன் ஆயுள் நானோ நொடி அல்ல, நொடிக்கணக்கு. அவசரமில்லாமல் அடுத்த கொழுப்பு அமிலத்தின் ஹைட்ரஜனைப் பிடுங்கித் தன்னைச் சரிசெய்துகொள்ளும். தான் ஹைட்ரோபெராக்ஸைடாக அடங்கிவிடும். பறிகொடுத்தது புது ராடிக்கல் ஆகிவிடும். அது ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு அடுத்ததைப் பிடிக்கும். சவ்வில் கொழுப்புகள் தோளோடு தோள் நெருங்கி நிற்பதால் ஆள் தேடி அலைய வேண்டியதே இல்லை.

அடங்கிப்போன ஹைட்ரோபெராக்ஸைடும் நிரந்தரமாக அடங்கியதில்லை. அருகில் ஃபெரஸ் இரும்பு (Fe²⁺ அயனி) இருந்தால் அதை உடைத்து மறுபடி ராடிக்கல் ஆக்கிவிடும். ஒரு சங்கிலி கிளைவிட்டுப் பல சங்கிலிகளாவது இங்கேதான். உடல் இரும்பை ஃபெரிட்டின் புரதத்துக்குள் அவ்வளவு கவனமாகப் பூட்டி வைப்பது வீணுக்கல்ல.

சவ்வுக்கு என்ன ஆகிறது? சவ்வுக் கொழுப்பின் வால் என்பது அதன் கொழுப்பு அமிலச் சங்கிலி. ஆக்சிஜன் ஏறிய வாலுக்குத் தண்ணீர் மேல் நாட்டம் வந்துவிடும். எண்ணெய்ப் பகுதிக்குள் நிற்காமல் மடங்கி மேற்பரப்பை நோக்கி வரும். அடுக்கு தளரும், சவ்வு மெலியும், அயனிகள் கசியும். வெளியே கால்சியம் ஏராளம், உள்ளே மிகச் சொற்பம். ஆகவே கால்சியம் கசிந்தாலே செல்லுக்கு ஆபத்துதான். போதாததற்கு வால்கள் துண்டுபட்டு மலோன்டைஆல்டிஹைடு, 4-ஹைட்ராக்ஸிநோனெனல் போன்ற ஆல்டிஹைடுகள் உருவாகி, அயனிகளை வெளியேற்ற வேண்டிய பம்ப் புரதங்களையே ஒட்டிப்பிடித்து முடக்கும்.

இந்த மலோன்டைஆல்டிஹைடைத்தான் ஆய்வகங்களில் அளப்பார்கள். மாதிரியோடு தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்து, கொதிக்கும் நீரில் சோதனைக் குழாயை வைத்தால் மெல்ல இளஞ்சிவப்பு ஏறும். அந்த நிறம் 532 நானோமீட்டர் அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளப்பார்கள். சர்க்கரைகளும் பிலிருபினும்கூட இந்தச் சோதனையைக் குழப்பும் என்பதால், இந்த எண் ஒன்றை மட்டும் நம்பி முடிவுக்கு வருவதை நான் ஏற்கமாட்டேன்.

சரி, எது நிறுத்துகிறது? சவ்வுக்குள்ளேயே குடியிருக்கும் வைட்டமின் ஈ. ஏறத்தாழ ஆயிரம் கொழுப்புக்கு ஒன்றுதான் இருக்கும், ஆனாலும் பெராக்ஸில் ராடிக்கலோடு அது வினைபுரியும் வேகம் பக்கத்துக் கொழுப்பின் வேகத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டுத் தானும் ராடிக்கல் ஆகும், ஆனால் மந்தமான ராடிக்கல். வைட்டமின் சி அதைப் பழையபடி மீட்டுத்தரும். இன்னொரு காவல், செலினியம் கொண்ட ஜிபிஎக்ஸ்4 என்ற நொதி. ஹைட்ரோபெராக்ஸைடை இரும்பு உடைப்பதற்கு முன்பே தீங்கில்லாத ஆல்கஹாலாக மாற்றிவிடும். இந்த நொதி முடங்கினால் செல் சாகும் விதத்துக்குத்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டாக்வெல், டிக்ஸன் குழுவினர் 2012-இல் ஃபெராப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள்.

அப்படியானால் தினமும் வைட்டமின் ஈ மாத்திரை போடலாமா என்று கேட்பீர்கள். குறைபாடு இல்லாதவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். 35,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் பங்கேற்ற செலக்ட் (SELECT) என்ற மருத்துவ ஆய்வில், தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம், போலி மாத்திரை எடுத்தவர்களைவிட புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக இருந்தது 2011-இல் வெளியானது. கொழுப்பைக் குடல் உறிஞ்ச முடியாத நோய் உள்ளவர்கள் கதை வேறு; அவர்களுக்கு உண்மையிலேயே தட்டுப்பாடு வரும், மருத்துவர் அளவு பார்த்துக் கொடுப்பார்.