இராமானுஜன் தனியாகவா கற்றார்?

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

எங்கள் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் எதிலும் மனம் செல்வதில்லை. வீட்டில் பழைய மின்விசிறிகளைக் கழற்றிக்கொண்டு மணிக்கணக்கில் அமர்ந்திருக்கிறான். பள்ளியை நிறுத்திவிட்டு, விருப்பப்படி தானே கற்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை காணொளிப் பாடங்களுக்கு அட்டவணையும் போட்டுவிட்டோம். இராமானுஜன் யாருடைய துணையுமின்றிக் கற்றவர்தானே? சான்றிதழுக்கு என்ன வழி? பிறரோடு பழகத் தெரியாமல் போய்விடுவானோ?

ஒரு தாய், கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளையின் வாட்டத்தைக் கண்டு, ஊர் என்ன சொல்லும் என்று தயங்காமல் முடிவெடுத்திருக்கிறீர்கள். அந்தத் துணிவை மதிக்கிறேன். சான்றிதழ் பெரிய சிக்கலில்லை. 14 வயது நிரம்பியதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். பழகுவதைப் பற்றிய கவலையை விடுங்கள். தெருவில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். பள்ளிக்கூடத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து, அங்கே அவனுக்கிருந்த விளையாட்டு வேளையையும் பிடுங்கிவிட்டு, இதற்கு விருப்பப்படி கற்றல் என்று பெயர் வைக்கலாமா? அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1968 முதல் இயங்கும் சட்பரி வேலி பள்ளியில் பாடவேளை என்பதே கிடையாது. பிள்ளைகள் கேட்டால்தான் வகுப்பு நடக்கும். அதில் பாதித் துணிவாவது உங்களுக்கு வேண்டும்.

இராமானுஜனைப் பற்றி நீங்கள் எழுதியதை என்னால் கடந்து செல்ல முடியவில்லை, ஏனெனில் வீட்டுக்கல்வி பற்றிப் பேசுகிற எல்லோரும் அவரை இப்படித்தான் துணைக்கு அழைக்கிறார்கள். கும்பகோணத்தில் பள்ளிக்குச் சென்று கணிதத்தில் பரிசு பெற்றவர் அவர். ஜி. எஸ். கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த, ஏறத்தாழ 5,000 கணித முடிவுகளைக் கொண்ட நூல் 1903இல் கைக்கு வந்தது. கல்லூரித் தேர்வுகளில் தோற்றார். தாள் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து மீண்டும் எழுதினார். எல்லோரும் இந்த இடத்திலேயே கதையை முடித்துவிடுகிறார்கள். திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த இராமசாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டுப் போனபோது, குறிப்பேட்டைப் புரட்டிய அவர் வேலை தராமல் சென்னையின் கணித நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். பின்னர் குமாஸ்தாவாகச் சேர்ந்த சென்னைத் துறைமுகக் கழகத்தில் மேலதிகாரியாக வாய்த்த நாராயண ஐயர், இரவு நேரங்களில் தம் வீட்டில் சிலேட்டோடு அவர் அருகில் அமர்ந்து, தாவிச் சென்ற படிகளை எல்லாம் விரித்து எழுதச் சொன்னார். அந்த வேலைக்கு முன்பே, 1911இல் அச்சேறிய முதல் கட்டுரையும் பலமுறை திருத்தத்துக்குத் திரும்பி வந்தது. நூல் தனிமையில் வாசிக்கக் கிடைத்தது. "இந்தப் படி எனக்கு விளங்கவில்லை" என்று கேட்க, கணிதம் அறிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது.

உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு பெரியவரைக் காணவே இல்லை. காணொளி எதிர்க்கேள்வி கேட்காது, பிள்ளை தவறாக இணைத்த கம்பியை அதனால் பார்க்கவும் முடியாது. மோட்டாருக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு, விசிறியைக் கழற்றும் பிள்ளையை ஒருமுறையேனும் மோட்டார் காயில் (கம்பிச் சுருள்) கட்டுபவரிடம் அழைத்துச் சென்றீர்களா? எரிந்த கம்பியை உருவியெடுத்து, சுற்றுகளை எண்ணிக் குறித்து, புதுக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பதை அவன் பக்கத்திலிருந்து பார்க்கட்டும். எத்தனை சுற்று, என்ன கனம் என்று அவனே கேட்கத் தொடங்கும்போது கணக்கும் வந்து சேரும். வேலைக்கு இடையூறில்லாமல் வாரம் ஒருநாள் அமர்ந்து பார்க்க மட்டும் அனுமதி கேளுங்கள். முதல் கடைக்காரர் மறுத்தால் அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.