மூளைப் படத்தின் சிவப்பு நிறம்: கேள்வி பதில்

(பாலக்காட்டு எல்லைப்புறத்தாரின் கேள்விகளுக்கு, மூளை இயங்கும்போதே அதைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ ஸ்கேனின் தரவுகளை ஆராயும் ஒருவரின் பதில்கள்.)

கொழிஞ்சாம்பாறை, பள்ளி ஆசிரியை: ஐயா, மூளைப் படத்தில் சிவப்பாக இருப்பதே அந்நேரம் வேலை செய்த இடம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

அப்படியே சொல்ல வேண்டாம், அம்மா. நரம்பணுக்கள் இயங்கிய சில நொடிகள் கழித்து இரத்தத்தின் ஆக்ஸிஜன் நிலையில் நேரும் சிறு மாற்றத்தைத்தான் ஸ்கேனர் அளக்கிறது. தலை அசைவைத் திருத்தி, எல்லாருடைய மூளைப் படத்தையும் ஒரே பொது வடிவத்தில் பொருத்தி, அக்கம்பக்க அளவுகளை நிரவி, புள்ளிக்குப் புள்ளி சோதனை நடத்தி, ஒரு வரம்பைத் தாண்டியவற்றுக்கு மட்டும் நாங்கள் நிறம் கொடுக்கிறோம். வரம்பைத் தளர்த்தினால் சிவப்பு பரவும், இறுக்கினால் சுருங்கும். நிறமில்லாத இடம் சும்மா இருந்தது என்றும் கொள்ள முடியாது.

வேலந்தாவளம், பொறியியல் மாணவர்: சார், பி மதிப்பு 0.001 என்றால் போதாதா?

பி மதிப்பு என்பது, உண்மையில் எதுவும் நடக்காதபோதும் தற்செயலாக இவ்வளவு பெரிய அளவு வரும் வாய்ப்பு. ஒரே ஒரு சோதனைக்கு 0.001 போதும். சுமார் 13 லட்சம் கன மில்லிமீட்டர் உள்ள மூளையை 3 மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக, அதாவது வோக்ஸல்களாகப் பிரித்தால் ஏறத்தாழ 48,000 கிடைக்கும். எதுவுமே நடக்காவிட்டாலும் அவற்றில் சராசரியாக 48 வோக்ஸல்கள் உங்கள் வரம்பைத் தாண்டிவிடும். கிரெய்க் பென்னட் குழுவினர் 2009இல் ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, படத்தில் இருப்பவரின் உணர்ச்சி என்னவென்று கேட்டார்கள். இத்தனை சோதனைகள் நடந்ததற்காக வரம்பை இறுக்கும் திருத்தம் செய்யாத கணக்கில் மீனின் மூளையிலும் சில வோக்ஸல்கள் நிறம் பெற்றன, திருத்தியதும் மறைந்தன. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு 2012இல் கிடைத்ததால் பலர் இதை வேடிக்கையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள், அது பிழை.

திருத்தம் என்ற பெயரே காப்பாற்றிவிடாது. அடுத்தடுத்த வோக்ஸல்களைக் கொத்தாகச் சோதிக்கும் முறைகளை எக்லுண்ட், நிக்கோல்ஸ், நுட்சன் மூவரும் 2016இல் பரிசோதித்தபோது, 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய்க் கண்டுபிடிப்பு, வோக்ஸல்களைக் கொத்தில் சேர்க்கும் வரம்பு தளர்வாக இருந்த சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போனது. தரவையே மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்கும் வரிசைமாற்றச் சோதனை பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை.

அதே மாணவர்: நேர்மையான இருவர் ஒரே தரவை ஆராய்ந்தால் ஒரே முடிவுக்கு வருவார்களா?

வரவேண்டியதில்லை. 108 பேரின் தரவையும் 9 கருதுகோள்களையும் 70 குழுக்களிடம் கொடுத்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. எந்த இரண்டு குழுக்களின் செய்முறையும் ஒன்றாக இல்லை; சில கருதுகோள்களில் ஆம், இல்லை என்று குழுக்கள் பிளவுபட்டன. படம் அதிகம் நிரவப்பட்டிருந்தால் 'ஆம்' வருவதற்கு வாய்ப்பு கூடியது. ஆனால் வரம்பு போடுவதற்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஆகவே நிறம் பூசிய படத்தோடு நிற்காமல் முழுப் படத்தையும் வெளியிடச் சொல்லிக் கேளுங்கள்.

மீனாட்சிபுரம், ஒரு தாயார்: வலிப்பு அறுவைக்கு முன் என் மகனுக்குத் திருவனந்தபுரத்தில் இந்த ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நம்பலாமா, சார்?

நம்பிப் போங்கள், அம்மா. ஆராய்ச்சியில் இல்லாததைக் கண்டுவிடுவோமோ என்று அஞ்சுகிறோம். அறுவைக்கு முன்போ, இருக்கிற பேச்சுப் பகுதியைக் காணாமல் விட்டுவிடக் கூடாது. அதனால் ஒரே வரம்பை நம்பாமல் பல வரம்புகளில் பார்ப்பார்கள். வேறு சோதனைகளோடும் ஒப்பிடுவார்கள். பையன் வீட்டில் தமிழ் பேசி மலையாளத்தில் படிக்கிறவன் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவனுக்குச் சரளமான மொழியில் சொற்களைக் கொடுப்பார்கள். தலையை அசைக்காமல் படுத்திருக்க வீட்டிலேயே பழக்குங்கள். அசைவால் கெட்ட தரவை எந்தக் கணக்கும் முழுதாக மீட்காது.