மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை: திடீரென்று நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 66 வயது, பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். முப்பது ஆண்டுகள் புகைத்து, பிறகு விட்டுவிட்டேன். சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறது. நான்கு மாதங்களுக்கு முன் கடுமையாக மூச்சு வாங்கியபோது ஒரு கிளினிக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். நிறுத்தினால் மறுபடியும் மூச்சுத் திணறுமோ என்ற பயத்தில் அதையே வாங்கி நாள்தோறும் 10 மில்லிகிராம் உட்கொண்டு வருகிறேன். இப்போது முகம் உப்பிவிட்டது, சர்க்கரை ஏறிவிட்டது, நாற்காலியை விட்டு எழவே சிரமமாக இருக்கிறது. நாளையே நிறுத்திவிடலாமா, டாக்டர்?

பதில்: ஐயா, தயவுசெய்து நாளையே நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் உடலுக்குத் தேவையான கார்ட்டிசோல் என்ற இயற்கை ஸ்டீராய்டை அன்றாடம் சுரக்கின்றன. மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்களிடம் இச்சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்வதால், மாத்திரை சட்டென்று நின்றால் கடும் சோர்வு, வாந்தி, தலைச்சுற்றல், இரத்த அழுத்த வீழ்ச்சி என்று தொடங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். 5 மில்லிகிராமை நெருங்கும்போது இன்னும் மெதுவாகக் குறைப்பது நல்லது. காலையில் எடுக்கும் கார்ட்டிசோல் இரத்தப் பரிசோதனை, சுரப்பி மீண்டும் இயங்கத் தொடங்கிவிட்டதா என்று அறிய உதவும். முற்றிலும் விட்ட பின்னரும் பல மாதங்களுக்கு, காய்ச்சலோ விபத்தோ அறுவை சிகிச்சையோ நேர்ந்தால், ஸ்டீராய்டு உட்கொண்டிருந்த செய்தியை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

நிறுத்த வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரியானதே. இந்நோய் திடீரென்று தீவிரமடையும்போது, வழக்கமாக நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வீதம் 5 நாள்களுக்குக் கொடுப்பதற்கு உரிய மருந்து அது; நாள்தோறும் உட்கொள்வதால் நுரையீரலுக்குக் கிடைக்கும் நன்மை சிறிது, உடலுக்கு நேரும் கேடு பெரிது. அன்றாட மூச்சுக்குத் துணை நிற்க வேண்டியது, வாயில் வைத்து இழுக்கும் பம்ப்தான் (இன்ஹேலர்). நீண்ட நேரம் செயல்படும் இரண்டு வகை மூச்சுக்குழல் விரிப்பு மருந்துகள் சேர்ந்த பம்ப் உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு கலந்த பம்ப் எல்லோருக்கும் தேவையில்லை: இரத்தத்தில் ஈயோசினோஃபில் எனும் ஒருவகை வெள்ளை அணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 300 அல்லது அதற்கு மேல் இருந்து, நோய் அடிக்கடி தீவிரமடைபவர்களுக்கே அது மிகுதியாகப் பயன்படும், 100க்குக் கீழ் இருந்தால் பயன் குறைவு, நிமோனியா அபாயமோ கூடும். அதைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

மருந்து சரியாக இருந்தும் இழுக்கும் முறை தவறாக இருப்பதை நாங்கள் மிக அடிக்கடி காண்கிறோம். அழுத்திப் பீய்ச்சும் பம்பை மெதுவாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். தூள் மருந்துப் பம்பை வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். இரண்டிலும் பிறகு பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். அடுத்த முறை மருந்தாளர் முன்னிலையில் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள்.

நாற்காலியிலிருந்து எழ முடியாததற்கு நுரையீரலை மட்டும் காரணமாகக் கருதாதீர்கள். ஸ்டீராய்டு இடுப்பு, தொடைத் தசைகளை வலியின்றி மெலியச் செய்யும். அளவு குறையக் குறைய, சில வாரங்களிலோ மாதங்களிலோ பலம் திரும்பும். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் திரும்பாது. மீன், முட்டை, பருப்பு, தெம்பே போன்றவற்றை ஒவ்வொரு வேளையும் சேர்த்துக்கொண்டு, நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

சர்க்கரையைப் பொறுத்தவரை, காலையில் விழுங்கும் பிரெட்னிசோலோன் பிற்பகலிலும் மாலையிலும்தான் அதை மிகுதியாக உயர்த்துகிறது. வெறும் வயிற்றில் மட்டும் பரிசோதித்தால் இயல்பாகத் தோன்றி ஏமாற்றக்கூடும். இரவு உணவுக்கு முன்பும் பாருங்கள். தே தாரிக்கில் சீனியையும் இனிப்புப் பாலையும் விட்டுவிடுங்கள். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது நீரிழிவு மருந்தையும் உடன் குறைக்க நேரலாம். இதை மறந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும்.

எலும்புத் தேய்வு முதல் சில மாதங்களிலேயே வேகமாக நிகழ்வதால், எலும்பு அடர்த்திப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கண் புரைக்கும் கண் அழுத்தத்துக்கும் ஒருமுறை கண் மருத்துவரைப் பாருங்கள். உறங்கிக் கிடக்கும் காசநோயையும் ஸ்டீராய்டு எழுப்பிவிடக்கூடும் என்பதால், இரண்டு வாரங்களுக்கு மேல் வழக்கத்துக்கு மாறான இருமல், எடைக் குறைவு, இரவு வியர்வை இருந்தால் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் அவசியம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகக் கேட்கிறேன்: மூட்டு வலிக்கென்று பாசார் மாலாமிலோ இணையத்திலோ வாங்கிய மாஜூன், ஜாமு போன்ற பாரம்பரிய மருந்து எதையாவது உட்கொள்கிறீர்களா? அத்தகைய பொருள்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருப்பதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளனர். உறையில் எம்.ஏ.எல். எனத் தொடங்கும் பதிவு எண் இல்லையென்றால் தொடாதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் அந்தப் பொட்டலத்தையே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் வகுக்கும் குறைப்புக் கணக்கே தவறிவிடும்.

சளிக்காய்ச்சல், நிமோகாக்கல் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே செல்வதைத் தவிருங்கள். சளி கூடி நிறம் மாறினாலோ பம்பின் தேவை அதிகரித்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறி, உதடு நீலம் பாரித்து, தூக்கக் கலக்கமோ குழப்பமோ வந்தால், வீட்டார் உடனே 999க்கு அழைக்க வேண்டும்.