குதித்த பிறகு வரும் ஞாபகம்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "என் மகனுக்கு 9 வயது. டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறான். வரிசையில் நிற்க மாட்டான். போன வாரம் வாய்க்காலில் விழுந்த செருப்பை எடுக்க அப்படியே குதித்துவிட்டான். 'நாலு வெச்சா சரியாப் போயிரும்' என்கிறார் மாமனார். இது சேட்டையா, ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவும் அதீதத் துடிப்பும் உள்ள கோளாறா?"

கரையேற்றி நீங்கள் அடித்தபோது, "குதிச்சதுக்கு அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சும்மா" என்று அழுதானாம். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பிள்ளை பொய் சொல்லவில்லை.

கை கால் கிளம்பும்போதே "சித்த பொறு சாமி" என்று பிடித்து நிறுத்துவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. டோபமைன், நார்அட்ரினலின் என்ற மூளை ரசாயனங்கள் அதற்குத் துணை. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி முதிரத் தாமதமாகிறது. 2007இல் வெளிவந்த ஒரு ஸ்கேன் ஆய்வில், மூளையின் மேலுறை மற்ற பிள்ளைகளுக்கு ஏழரை வயதில் அடைந்த வளர்ச்சியை இவர்கள் பத்தரை வயதில்தான் அடைந்தார்கள். தண்ணீரில் இறங்கக் கூடாதென்று உங்கள் மகனுக்குத் தெரியும். அது நினைவுக்கு வருவதற்குள் கால் கிளம்பிவிடுகிறது. அடி இந்தத் தாமதத்தைக் குறைக்காது, பயத்தைத்தான் கூட்டும். தயவுசெய்து நிறுத்துங்கள்.

"இவன் அப்பனும் இப்படித்தான்" என்று மாமனார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. இரட்டையர் ஆய்வுகள் மரபின் பங்கை ஏறக்குறைய 74 சதவீதம் என்கின்றன. உங்கள் வளர்ப்பில் குறை தேடாதீர்கள்.

ஆனால் கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது. 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி இரண்டிலும் தொல்லை தந்தால்தான் ஏ.டி.எச்.டி. என்போம். தூக்கக் குறைவும் மனப் பதற்றமும்கூட இப்படிக் காட்டும். டீச்சரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். முதலில் பேசிப் பார்க்க 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது. தேவைப்பட்டால் மெத்தில்பெனிடேட் மாத்திரை தருவார்கள். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அதுவரை, வீட்டில் சொல்லி அனுப்பும் புத்திமதி வாய்க்கால் வரை வராது. கரைக்குப் போனதும் கையைப் பிடித்து, "இங்க எப்படி நிக்கணும் கண்ணு?" என்று கேளுங்கள், பதில் அவன் வாயிலிருந்தே வரட்டும். நின்றானா, அந்த நொடியே பாராட்டுங்கள். ராத்திரி அப்பா வந்து பாராட்டும்வரை காத்திருந்தால் பலன் குறைவு.

தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் அவனைத் தனியாக அந்தப் பக்கம் அனுப்பவே வேண்டாம். கூட்டாளிப் பையன்கள் உடன் இருப்பது போதாது. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.