அம்மாவின் அட்டிகை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதுவதை ரொம்ப நாளாகப் படிக்கிறேன், கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போன தை மாதம் என் அம்மா இறந்துபோனார். எண்பது வயது. காரியமெல்லாம் முடிந்ததும் அண்ணனும் தம்பியும் நகைப்பெட்டியை என் முன்னால் வைத்து, "அம்மா நகை உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒரு கெம்பு அட்டிகை இருக்கிறது. 1965இல் அம்மா கல்யாணத்துக்குத் தாத்தா செய்துபோட்டது. 1999இல் அப்பா போனதிலிருந்து அம்மா அதைக் கழுத்தில் வைத்ததே இல்லை. பின்னால் கட்டுகிற சிவப்புக் கயிற்றில், அம்மாவின் கழுத்து அளவுக்குப் போட்ட முடிச்சுகூட அப்படியே இருக்கிறது.

மெருகு போடலாமென்று ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாற்று ரொம்பக் குறைவு, பதினெட்டு காரட்கூட வராது, கொடுத்துவிட்டுப் புதுசாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். தாத்தாவை யாரோ ஏமாற்றிவிட்டார்களே என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இன்னொன்று. என் கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஆவணியில் அண்ணன் மகன் கல்யாணம். அட்டிகையைப் போட்டுக்கொள் என்கிறாள் மகள். சொந்தத்தில் ஒரு பெரியம்மாவோ, "உனக்கு எதுக்குடி இனிமே கழுத்து நிறையக் கல்லு, உருக்கி மகளுக்கு ஏதாவது செஞ்சு போடு" என்கிறார். எனக்குப் போட்டுக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி ஆசைப்படுவது தப்பா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

தப்பே இல்லை. போட்டுக்கொள்ளுங்கள். கல்யாணத்தன்று முந்தானையை இழுத்து மூடாமல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். 1965இல் செய்த நகை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வருடத்தை அந்தக் கடைக்காரர் கேட்டிருக்க வேண்டும். சீன யுத்தம் முடிந்த கையோடு 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் புதிதாக நகை செய்யக்கூடாது என்று அரசாங்கமே சொன்ன காலம் அது. நாடு முழுக்கப் பத்தர்கள் வேலை இல்லாமல் தவித்தார்கள், பரம்பரைத் தொழிலை விட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம், உயிரை விட்டவர்களும் உண்டு. காரட் விஷயத்தில் பிடி பிறகு தளர்ந்தது, ஆனாலும் 1968இல் அது முழுச் சட்டமாகி 1990இல்தான் ஒழிந்தது. 14 காரட் விதி இருந்த அந்த மூன்று நான்கு வருடத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒரு அப்பா என்ன பாடுபட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் அட்டிகை அந்தக் கணக்கில்தான் மாற்று குறைந்தது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் அடித்துச் சொல்ல முடியாது. தாத்தா ஏமாந்துபோனார் என்ற முடிவுக்குப் போக மட்டும் எந்த அவசியமும் இல்லை.

அப்புறம் பற்றவைப்பு. இப்போது அச்சிலும் மெஷினிலும் வருகிற நகை மாதிரி இல்லை கெம்பு அட்டிகை. ஒவ்வொரு கல்லுக்கும் தகட்டில் தனித்தனியாக வீடு கட்டி, ஒன்றோடொன்று பற்றவைத்துச் செய்வது. தங்கத்தைத் தங்கத்தோடு ஒட்ட வேண்டுமென்றால் அதைவிடச் சீக்கிரம் உருகுகிற பொடி வேண்டும், அதற்குச் செம்பும் வெள்ளியும் கலந்தாக வேண்டும். ஐம்பது அறுபது இடத்தில் ஒட்டு இருக்கிற நகையில் அந்தக் கலப்பு சேர்ந்து மொத்த மாற்றை இறக்கிவிடும். பழைய கைவேலை நகை அநேகமாக எல்லாமே இப்படித்தான். காரட் மெஷினும் தன் கண்ணுக்கு நேராக இருக்கிற மேற்பரப்பைத்தான் பார்க்கிறது, ஒட்டு இருக்கிற இடத்தில் வைத்தால் ஒன்று காட்டும், தகட்டில் வைத்தால் இன்னொன்று. இன்றைக்கு ஹால்மார்க் கட்டாயம் என்பதால், 916 முத்திரை இல்லாத எதைப் பார்த்தாலும் நமக்குச் சந்தேகம் வருகிறது. அந்தக் கட்டாயமே 2021 ஜூனில்தான் வந்தது. அதுவும் கடைக்காரர் விற்பதற்கான விதி, வீட்டில் இருக்கிற பழைய நகைக்கு அது குறை ஆகாது.

"கொடுத்துவிட்டுப் புதுசு எடுங்கள்" என்ற கணக்கையும் ஒரு நிமிடம் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதைக் கேட்டுப் பல வீடுகளில் பல நல்ல நகைகள் போயிருக்கின்றன. முதலில் கல் எடையைக் கழிப்பார்கள். உள்ளே அரக்கு இருக்கும், அதைக் கழிப்பார்கள். மிச்சத்துக்கு மாற்றுக்குத் தகுந்த விலை. புது நகை எடுக்கும்போது சேதாரம், செய்கூலி, அதற்கு மேல் மூன்று சதவீதம் ஜிஎஸ்டி. உங்கள் அட்டிகையைக் கொடுத்தால் அதில் பாதிக் கனத்தில் ஒரு சங்கிலி வந்தால் அதிகம். கெம்புக் கல்லை ஒரு சின்னப் பொட்டலத்தில் மடித்துக் கையில் கொடுப்பார்கள், பாதி உடைந்திருக்கும். உங்கள் அம்மா கழுத்தில் கிடந்த ஒரு பொருள் அப்படித்தான் இல்லாமல் போகும். பணத்துக்கு அவசரம், ஆஸ்பத்திரிச் செலவு என்றால் நானே விற்கச் சொல்வேன், நகை அதற்கும் சேர்த்துத்தான். உங்களுக்கு அப்படி எதுவும் இருப்பதாகக் கடிதத்தில் இல்லை.

இப்போது பெரியம்மா சொன்னதற்கு வருகிறேன். அவர் காலத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை உங்களிடம் சொல்கிறார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தக் கயிற்று முடிச்சைப் பற்றி எழுதிய வரியைத்தான். 1999இல் உங்கள் அம்மாவுக்கு ஐம்பத்து நான்கு, ஐம்பத்தைந்து வயது இருக்கும். அட்டிகையைக் கழற்றினார். தானாகக் கழற்றினாரோ, ஊர் கழற்ற வைத்ததோ, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றோ, அது அவருக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறார். அத்தனை வருடத்தில் ஒரு வீட்டில் என்னென்ன செலவு வரும், எத்தனை தடவை பணம் முடைப்படும். அவர் அதை விற்கவில்லை. அழித்து வேறு செய்யவில்லை. மருமகள்கள் வந்தபோதும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. தனக்கு ஆகாது, தன் வீட்டுக்கும் ஆகாது என்று அவர் நினைத்திருந்தால் இத்தனை வருடம் அதைக் கட்டிக் காத்திருக்க மாட்டார். தான் போட முடியாமல்போன ஒன்றை அவர் போடுகிற பதத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. நீங்களும் அதே காரணத்துக்காக அதைப் பெட்டியிலேயே மூடி வைத்தால், அம்மாவுக்கு நடந்தது இன்னொரு தடவை நடக்கும். உங்கள் மகள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நாளைக்கு அவளுக்கும் அதுதான் வழக்கம் என்று மனசில் பதியும்.

இறந்தவர் நகையைப் போடக்கூடாது என்றும் யாராவது சொல்வார்கள். நம் பக்கத்தில் பாட்டி தோடு அம்மாவுக்கும், அம்மா தோடு மகளுக்கும் வராத வீடு எது?

என் கதையையும் சொல்கிறேன். என் அம்மா 2014இல் போனார். ஏழு கல் வைரத்தோடு, ஒரு முத்துமாலை, ஒரு ஜோடி கெட்டி வளையல். வளையல் ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் பள்ளிக்கூடச் சம்பளத்துக்காக அடகுக் கடைக்குப் போய், தைக்குள் திரும்பி வந்துவிடும், அதனால் அது எங்கள் எல்லோருக்குமே சொந்தக்காரர் மாதிரி. மூன்றையும் கொண்டுபோய் பேங்க் லாக்கரில் வைத்தேன். பார்க்கவே முடியவில்லை, அதனால் வைத்தேன், பத்திரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு வருடம் கழித்துத் திறந்தேன். ரோஸ் தாளைப் பிரித்ததும் முத்தெல்லாம் மடியில் உதிர்ந்தது. நூல் இற்றுப்போயிருந்தது, முத்தும் மங்கி, காய்ந்த மாதிரி இருந்தது. உடம்பில் கிடந்தால்தான் முத்துக்கு ஒளி என்று அம்மா சொல்வார், முத்து ரொம்ப உலர்ந்துவிடக்கூடாது என்பது உண்மைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தோட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், கல்லுக்குப் பின்னால் குழியில் மஞ்சளும் சோப்பும் சேர்ந்து இறுகி ஒரு படிவு. இடது காதுத் தோட்டில் திருகு மரை தேய்ந்து வழுக்கும், அதனால் தண்டில் ஒரு சுற்று வெள்ளை நூல் சுற்றித்தான் அம்மா திருகுவார். அந்த நூல், மஞ்சள் ஏறிப்போய், அப்படியே இருந்தது. பேங்கிலேயே அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் என் கம்மலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அம்மா தோட்டைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து கழற்றவில்லை. கறிகாய் வாங்கப் போகும்போதும் அதுதான்.

லாக்கரே வேண்டாம் என்று சொல்லவில்லை. அட்டிகையைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறச் சொல்லவும் இல்லை, வழிப்பறிக்குப் பயப்படத்தான் வேண்டும். ஆனால் லாக்கரில் வைத்துவிட்டால் கவலையே இல்லை என்று நினைக்காதீர்கள். திருட்டோ தீயோ ஊழியர் மோசடியோ நடந்து பொருள் போனால், லாக்கருக்கு நீங்கள் கட்டுகிற வருட வாடகையைப்போல் நூறு மடங்குவரைதான் பேங்கின் பொறுப்பு. இது ரிசர்வ் பேங்க் விதி, 2022 ஜனவரியிலிருந்து இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவையாவது போய்த் திறந்து பாருங்கள்.

மெருகு வேண்டாம். ஆசிட்டில் போட்டு மெருகு ஏற்றும்போதெல்லாம் கொஞ்சம் தங்கம் போகும், கெம்பு நகைக்கு அது இன்னும் கெடுதல். கல்லுக்கு அடியில் பளபளப்புக்காகத் தகடு வைத்திருப்பார்கள், பின்னால் அரக்கு. தண்ணீர் உள்ளே இறங்கினால் தகடு கறுத்துவிடும், கல் செத்த மாதிரி ஆகிவிடும், வெந்நீர் பட்டால் அரக்கு இளகும். அதனால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போடுவதெல்லாம் தோட்டுக்கும் வளையலுக்கும்தான். அட்டிகையைக் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, பழைய மல்வேட்டித் துணியால் துடைத்தால் போதும். கல் ஏதாவது ஆடுகிறதா என்று நகத்தால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஆடினால் பெரிய கடைக்குப் போகாமல், உட்கார்ந்து கையால் வேலை செய்கிற பத்தர் யாரிடமாவது கொடுத்து, கண் முன்னாலேயே அடைக்கச் சொல்லுங்கள். திருச்சியில் பெரிய கடை வீதிப் பக்கம் கேட்டால் இன்னும் ஆள் கிடைப்பார். கொடுக்கும்போது ஒரு எடை, வாங்கும்போது ஒரு எடை.

உங்கள் அண்ணனும் தம்பியும் செய்தது பெரிய விஷயம். அம்மா நகை மகளுக்கு என்பது நம் வழக்கம், ஆனால் அம்மா உயில் எழுதாமல் போனால் அவருடைய சொத்தில் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு என்றுதான் 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. அவர்கள் தங்கள் பங்கை மனசார விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். என்னென்ன நகை, யாருக்குக் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், இப்போது மனசு நன்றாக இருக்கும்போதே. அண்ணனிடம் முன்கூட்டியே, "கல்யாணத்துக்கு அம்மா அட்டிகையைத்தான் போட்டுக்கொண்டு வருவேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அனுமதி கேட்க வேண்டாம், சொன்னால் போதும். அம்மாவின் அட்டிகையை மண்டபத்தில் முதலில் அடையாளம் கண்டுகொள்ளப்போகிறவர் அவராகத்தான் இருப்பார்.

கடைசியாக அந்தக் கயிறு. இத்தனை வருடக் கயிறு, கனம் தாங்காது, மாற்றித்தான் ஆகவேண்டும். புதுச் சிவப்புப் பட்டுக் கயிறு போடுங்கள். பழையதை அவிழ்க்க வேண்டாம், முடிச்சோடு அப்படியே கழற்றி ரோஸ் தாளில் மடித்துப் பெட்டியிலேயே வையுங்கள். புதுக் கயிற்றில் உங்கள் கழுத்துக்கு அளவு பார்த்து மகளை முடிச்சுப் போடச் சொல்லுங்கள். ஆவணிக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, அதைப் போட்டுக்கொண்டு சமையல் செய்யுங்கள். கழுத்துக்குக் கொஞ்சம் பழகட்டும்.